குச்சி எங்கே போய் நிற்கிறது? டிரம் அடிகளை முதலிலிருந்து பழகும் முறை

ஒரு டிரம் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாகப் பிடித்து, ஸ்னேர் டிரம்மின் (டிரம் செட்டில் வாசிப்பவருக்கு நேர் முன்னே இருக்கும் சிறு டிரம்) மேலோ ரப்பர் பயிற்சிப் பலகையின் மேலோ ஒரு சாண் உயரத்திலிருந்து நுனியை விழ விடுங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம். குச்சி தானாகத் துள்ளும். பல முறை எழும்பி விழுந்து, சிறுத்துச் சிறுத்து அடங்கும். டிரம் வாசிப்பில் பாதி உழைப்பை உங்களுக்காக இந்தத் துள்ளலே செய்கிறது. இழுத்துக் கட்டிய தோல் குச்சியைத் திருப்பி அனுப்புகிறது. அதைத் தடுக்காமல் வாங்கிக்கொள்ளக் கை பழக வேண்டும்.

புதிதாக வருகிறவர்களின் கவனமெல்லாம் குச்சி தோலில் படுகிற அந்தக் கணத்தின் மேலேயே இருக்கும். பட்ட பிறகு அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அடுத்த அடி ஓங்கி விழுமா, மெல்ல விழுமா, தாளத்தில் விழுமா, பிந்துமா என்பதெல்லாம் குச்சி நிற்கிற அந்த உயரத்தில்தான் முடிவாகிறது. இதை எனக்கு யாரும் தொடக்கத்தில் சொல்லித்தரவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் கையை இறுக்கி அடித்து, மணிக்கட்டு வலி வந்த பிறகு, அடிப்படையை மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டியதாயிற்று. அந்த இரண்டு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குச்சி, இருக்கை, பலகை

தொடக்கத்துக்கு 5ஏ என்ற அளவு போதும். சுமார் 16 அங்குல நீளம், பெரும்பாலும் ஹிக்கரி மரம். 7ஏ அதைவிட மெல்லியது, 5பி தடித்தது. சிறு கை உள்ளவர்களுக்கு 7ஏ வசதியாக இருக்கும். வாங்கும் முன் ஒவ்வொரு குச்சியையும் சமமான மேசைமேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடி உருண்டால் அது வளைந்த குச்சி. பிறகு இரண்டையும் ஒரே இடத்தில் தட்டிக் கேளுங்கள். ஒன்று கூர்மையாகவும் மற்றது மந்தமாகவும் ஒலித்தால் இரண்டும் ஒத்த ஜோடி இல்லை.

முழு டிரம் செட் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு ரப்பர் பயிற்சிப் பலகையே நல்லது என்று நினைக்கிறேன். அதில் சத்தத்தின் கவர்ச்சி கிடையாது, அதனால் இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம் அப்பட்டமாகக் காதில் விழும். தலையணைமேல் பழகச் சொல்கிறவர்கள் உண்டு. தலையணை குச்சியைத் திருப்பி அனுப்பாது. துள்ளலைக் கையாளத் தெரிந்தவருக்கு மணிக்கட்டின் பலத்தை வளர்க்க அது உதவும். புதியவர் அதில் பழகினால் குச்சியைத் தூக்கித் தூக்கி அடிக்கும் பழக்கம்தான் மிஞ்சும்.

இருக்கையில் உட்காரும்போது தொடை முழங்காலை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கட்டும். பலகை தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். தோள்கள் இறங்கி, முழங்கைகள் இயல்பாகத் தொங்கட்டும். பலகையை மிக உயரத்தில் வைத்தால் தோள் தானாக ஏறும். தோள் ஏறினால் முன்கை இறுகும், அதன் பின் விரல் எதுவும் சொன்னபடி கேட்காது.

பிடி

குச்சியின் அடிமுனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே பிடித்தால் குச்சி மிக அதிகம் துள்ளும். அதைக் கண்டுபிடிக்க முதலில் செய்த சோதனையையே திரும்பச் செய்யுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை கூடுதலாக வரும் இடம்தான் உங்கள் பிடி. டிரம் வாசிப்பவர்கள் இதை ஃபல்க்ரம் என்பார்கள். ஏற்றப்பலகை நடுவில் எதன்மேல் ஆடுகிறதோ அதைப் போன்ற தாங்குபுள்ளி இது.

அந்த இடத்தைக் கட்டைவிரலின் சதைப்பகுதியும் ஆள்காட்டி விரலின் முதல் மூட்டும் சேர்ந்து பிடிக்கட்டும். மற்ற மூன்று விரல்களும் குச்சியைத் தொட்டபடி இருந்தால் போதும், அதை நெரிக்கக் கூடாது. ஒரு சிறு பறவைக்குஞ்சைக் கையில் வைத்திருப்பது போல, பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. மற்றொரு கையால் குச்சியை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் தடை கொடுத்துவிட்டு உருவிக்கொண்டு வந்தால் இறுக்கம் சரி.

இரண்டு கையும் ஒரே மாதிரி பிடிப்பதற்கு மேட்ச்டு கிரிப் என்று பெயர். உள்ளங்கை தரையைப் பார்த்தால் ஜெர்மன் பிடி, அதில் வேலை பெரும்பாலும் மணிக்கட்டுக்கு. கட்டைவிரல் நகம் கூரையைப் பார்த்தால் பிரெஞ்சுப் பிடி, அதில் விரல்கள் உழைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட சாய்வில் பிடிப்பது அமெரிக்கப் பிடி. புதியவர்கள் அதில் தொடங்கலாம். இடது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும் ட்ரெடிஷனல் கிரிப் ராணுவ அணிவகுப்பிலிருந்து வந்தது. தோளில் மாட்டிய டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியதால் இடது கை அப்படித் திரும்ப வேண்டியிருந்தது. அழகான பிடிதான், ஆனால் அது பிறகு இருக்கட்டும்.

நான்கு அடிகள்

உயரம், தாழ்வு என்ற இரண்டே நிலைகளை வைத்துக்கொள்வோம். குச்சியின் நுனி தோலுக்கு மேலே ஒரு சாண் இருந்தால் உயரம். இரண்டு விரற்கடை இருந்தால் தாழ்வு. ஒரு அடி இவற்றில் ஏதோ ஒன்றில் தொடங்கி, ஏதோ ஒன்றில் முடியும். ஆக மொத்தம் நான்கு சேர்க்கைதான் உண்டு. எந்த ஊர் மேடையில் எந்தக் கலைஞர் குச்சியால் எதை வாசித்தாலும் இந்த நான்கின் கலவைதான் பெரும்பாலும் நடக்கிறது.

முதலில் ஃபுல் ஸ்ட்ரோக். உயரத்தில் தொடங்கி உயரத்திலேயே முடியும். மணிக்கட்டால் குச்சியைக் கீழே வீசுங்கள். பந்தைத் தரையில் எறிவது போல, எறிந்தவுடன் வழிவிட்டுவிடுங்கள். குச்சி தோலில் பட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். அதை நீங்கள் தூக்கக் கூடாது. வருகிற குச்சியோடு கை மேலே போகட்டும், அவ்வளவுதான். குச்சி பாதி வழியில் நின்றுவிட்டால் எங்கோ ஒரு விரல் இறுகியிருக்கிறது. பெரும்பாலும் அது சுண்டுவிரலாகவோ மோதிர விரலாகவோ இருக்கும். அவற்றைத் தளர்த்திவிட்டு மறுபடி வீசுங்கள். முதல் வாரம் முழுக்க இது ஒன்றை மட்டும் செய்தாலும் தவறில்லை. வலது கையில் எட்டு, இடது கையில் எட்டு, சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 துடிப்பு, ஒரு துடிப்புக்கு இரண்டு அடி.

ஒலியிலும் வித்தியாசம் கேட்கும். குச்சியை இறுக்கிப் பிடித்து ஒரு அடி, தளர்த்திப் பிடித்து ஒரு அடி அடித்துப் பாருங்கள். இறுக்கிய அடியில் குச்சி மரத்தின் நாதமே செத்துப்போய்விடும். டிரம்மும் திணறியது போல ஒலிக்கும். தளர்ந்த அடி திறந்து முழங்கும். இறுக்கும்போது அதிர்ச்சி கைக்குள் இறங்குகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நாளடைவில் வலியாக வருவது அதுதான்.

இரண்டாவது டவுன் ஸ்ட்ரோக். உயரத்தில் தொடங்கித் தாழ்வில் முடியும். வீச்சு ஃபுல் ஸ்ட்ரோக்கைப் போலவேதான். பட்ட பிறகு குச்சி மேலே கிளம்பும்போது பின் விரல்கள் மெல்ல மூடி, இரண்டு விரற்கடை உயரத்தில் அதை நிறுத்துகின்றன. இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. குச்சி கீழே போகும்போதே, படுவதற்கு முன்பே இறுக்கிவிடுவார்கள். அப்போது குச்சி தோலுக்குள் அழுந்தும், ஒலி மூச்சு முட்டும். முதலில் படட்டும், பிறகு பிடியுங்கள். இரண்டுக்கும் இடையே இருப்பது கண்ணிமைப்பைவிடக் குறைந்த நேரம். ஆனால் காதுக்கு அது தெளிவாகத் தெரியும். நிறுத்திய அடுத்த கணமே விரல்களைத் திரும்பவும் தளர்த்திவிட வேண்டும்.

மூன்றாவது டேப். தாழ்வில் தொடங்கித் தாழ்விலேயே முடியும் மெல்லிய அடி. ஃபுல் ஸ்ட்ரோக்கின் குட்டி வடிவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பலரும் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஒருவரின் கையைப் பற்றி அதிகம் சொல்வது டேப்தான். ஓங்கி அடிக்க எல்லோராலும் முடியும். பதினாறு மெல்லடிகளை ஒரே உயரத்தில், ஒரே ஒலியில் வரிசையாக வைப்பது பழகிய கைக்கே வரும்.

நான்காவது அப் ஸ்ட்ரோக். தாழ்வில் மெல்ல அடித்துவிட்டு, உடனே உயரத்துக்குப் போய்விட வேண்டும். அடுத்து வரப்போகும் ஓங்கிய அடிக்கான தயாரிப்பு இது. இங்கே துள்ளல் உதவாது, ஏனென்றால் இரண்டு விரற்கடையிலிருந்து விழுந்த குச்சி ஒரு சாண் எழும்பாது. மணிக்கட்டுதான் தூக்க வேண்டும். மணிக்கட்டு முதலில் எழ, குச்சியின் நுனி கீழே தொங்கியபடி அதன் பின்னால் வரட்டும். சாட்டையைச் சொடுக்கும் முன் கை மேலே போவதைப் போன்ற அசைவு. இந்தச் சாட்டை அசைவைப் பிரபலமாக்கியவர் சான்ஃபோர்ட் மோலர் என்ற அமெரிக்க டிரம் ஆசிரியர். அதனால் இதை மோலர் முறை என்றே சொல்கிறார்கள்.

எங்கே எதை அடிப்பது

இப்போது நான்கையும் கோக்கலாம். ஒரே கையில் நாலடி, முதல் அடி மட்டும் ஓங்கி. வாயால் ‘தகதிமி’ என்று சொல்லிக்கொண்டு, ‘த’வை மட்டும் அழுத்துங்கள். ‘த’ உயரத்திலிருந்து விழுகிறது. அடுத்து வருவது மெல்லடி, ஆகவே குச்சி தாழ்வில் நிற்க வேண்டும். எனவே ‘த’ டவுன் ஸ்ட்ரோக். ‘க’, ‘தி’ இரண்டும் டேப். ‘மி’யை மெல்ல அடித்தாலும் அடுத்து மறுபடி ஓங்கிய ‘த’ வரப்போகிறது. ஆகவே அது அப் ஸ்ட்ரோக்.

எந்த அமைப்பை எடுத்துக்கொண்டாலும் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு கேள்விகள் கேட்டால் விடை கிடைத்துவிடும். இந்த அடி ஓங்கியதா மெல்லியதா? இதே கையின் அடுத்த அடி ஓங்கியதா மெல்லியதா? முதல் கேள்வி குச்சி எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும், இரண்டாவது எங்கே முடிய வேண்டும் என்று சொல்லும். ‘இதே கையின்’ என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். நடுவில் மற்றொரு கை என்ன செய்கிறது என்பது இந்தக் கணக்கில் சேராது.

பாரடிடில் என்ற அமைப்பில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வலதை ‘வ’ என்றும் இடதை ‘இ’ என்றும் குறித்தால்:

வ இ வ வ – இ வ இ இ

ஒவ்வொரு நாலின் முதலடியையும் ஓங்கி வாசிக்கிறோம் என்று கொள்வோம். முதல் ‘வ’ ஓங்கியது, அடுத்த ‘வ’ மெல்லியது. ஆகவே டவுன். இரண்டாவதாக வரும் ‘இ’ மெல்லியது, ஆனால் இடது கையின் அடுத்த அடி இரண்டாவது நாலின் ஓங்கிய முதலடி. ஆகவே அப். பின்னால் வரும் இரண்டு ‘வ’வும் டேப். இரண்டாவது நாலில் கைகள் மாறி இதே வரிசை வரும்: டவுன், அப், டேப், டேப். இதை முதலில் தாளமே இல்லாமல், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நிறுத்தி, குச்சி சரியான உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு நாள் இப்படிச் செய்த பாரடிடில், ஒரு மாதம் வேகமாக அடித்த பாரடிடிலைவிடத் தெளிவாக வரும் என்பதைப் பலரிடம் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட அடிப்படை அமைப்புகளை ரூடிமெண்ட் என்று அழைக்கிறார்கள். 1933இல் சிகாகோவில் கூடிய அமெரிக்க டிரம் கலைஞர்களின் சங்கம் இவற்றில் 13ஐ இன்றியமையாதவை என்று தேர்ந்தெடுத்தது. பிறகு அது 26 ஆனது. 1984இல் தாள வாத்தியக் கலைஞர்களின் அமைப்பான பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 40 ரூடிமெண்ட்களின் பட்டியலை வெளியிட்டது. இன்று உலகெங்கும் புழங்குவது அதுதான். நாற்பதையும் பார்த்து மலைக்க வேண்டாம். ஒற்றை அடி ரோல் (கைகள் மாறி மாறி ஒவ்வொரு அடியாக இடைவிடாமல் வாசிப்பது), இரட்டை அடி ரோல், பாரடிடில், ஃபிளாம் இந்த நான்கும் கைக்கு வந்தால் மற்றவற்றில் பெரும்பகுதி இவற்றின் சேர்க்கையாகத்தான் தெரியும்.

இரட்டை அடி, ஃபிளாம், பஸ் ரோல்

இரட்டை அடி ரோல் என்பது வவ-இஇ-வவ-இஇ. மெதுவாக வாசிக்கும்போது நான்கையும் மணிக்கட்டாலேயே அடியுங்கள். வேகம் கூடும்போது மணிக்கட்டுக்கு இரண்டு முறை திரும்ப நேரம் இருக்காது. அப்போது முதல் அடியை மணிக்கட்டு வீச, துள்ளி வரும் குச்சியைப் பின் விரல்கள் மறுபடி தோலை நோக்கித் தட்டிவிடும். இரண்டாவது அடி தேய்ந்து ஒலிப்பதுதான் எல்லோருக்கும் வரும் குறை. இதற்கு நல்ல மருந்து, இரண்டாவது அடியை வேண்டுமென்றே ஓங்கிப் பழகுவது. சில வாரம் வவ-இஇ என்பதில் பின்னதை மட்டும் அழுத்தி வாசித்துவிட்டு, பிறகு சமமாக வாசிக்க முயன்றால் உண்மையிலேயே சமமாக இருக்கும்.

ஃபிளாம் என்பது பெரிய அடிக்குச் சற்று முன்னே மற்ற கையின் சிறு அடி ஒன்று ஒட்டிக்கொண்டு வருவது. ‘ட்டம்’ என்பது போலக் கேட்கும். இதைச் செய்ய இரண்டு கையையும் வேறு வேறு நேரத்தில் அசைக்க வேண்டியதில்லை. ஒரு குச்சி உயரத்தில், மற்றது தாழ்வில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். தாழ்வில் இருப்பது முதலில் போய்ச் சேரும். வலது, இடது என்று ஃபிளாம் மாற்றி மாற்றி வாசிக்கும்போது என்ன நடக்கிறது பாருங்கள்: ஓங்கிய கை டவுன் ஸ்ட்ரோக் அடித்துத் தாழ்வில் நிற்கிறது, சிறு அடி வைத்த கை அப் ஸ்ட்ரோக் அடித்து உயரத்துக்குப் போகிறது. அடுத்த ஃபிளாமுக்குக் கைகள் தயாராக நிற்கும். நான்கு அடிகளையும் ஏன் அவ்வளவு நேரம் பழகினோம் என்பது எனக்கு முதன்முதலில் விளங்கியது இங்கேதான்.

பஸ் ரோலில் எண்ணிக்கை கிடையாது. ஃபல்க்ரம் இருக்கும் இரு விரல்களால் மட்டும் குச்சியைத் தோலில் இலேசாக அழுத்தினால் அது ‘ர்ர்ர்’ என்று பல முறை சிறு துள்ளலாகத் துள்ளும். ஒரு கையின் ‘ர்ர்ர்’ ஓயும் முன் மற்ற கை தொடங்க வேண்டும். ஒரே கையில் எவ்வளவு நீளமாக இழுக்க முடிகிறது என்று முதலில் பாருங்கள். அழுத்தம் கூடினால் குச்சி சட்டென்று நின்றுவிடும், குறைந்தால் தனித்தனித் துள்ளலாகப் பிரிந்துவிடும்.

தோலில் எந்த இடம்

நடுவில் அடித்தால் குறுகிய, வறண்ட, அழுத்தமான ஒலி. விளிம்பை நோக்கிப் போகப் போக மணியோசை போன்ற எதிரொலிகள் கூடும். இரண்டு குச்சிகளும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் கைகள் எவ்வளவு சமமாக இருந்தாலும் ஒலி சமமாகாது. பலகையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சாக்பீஸால் வட்டம் போட்டு, இரண்டு நுனியும் அதற்குள்ளேயே விழுகிறதா என்று பாருங்கள்.

குச்சி தோலையும் விளிம்பு வளையத்தையும் ஒரே கணத்தில் அடித்தால் ரிம் ஷாட், துப்பாக்கி வெடித்தது போல ஒலிக்கும். குச்சியைத் திருப்பி, அதன் ஒரு முனையைத் தோலின்மேல் ஊன்றி, மறுமுனையால் வளையத்தைத் தட்டினால் கிராஸ் ஸ்டிக். மெல்லிசைப் பாடல்களில் மரக்கட்டை போலக் கேட்கும் ‘டக்’ அதுதான்.

கையால் வாசிக்கும் டிரம்கள்

ஜெம்பே, காங்கா போன்றவற்றில் குச்சி இல்லை, ஆனால் கணக்கு அதேதான். பட்டவுடன் கை திரும்ப வேண்டும். மோதிரங்களையும் கடிகாரத்தையும் முதலில் கழற்றிவிடுங்கள். கல்மோதிரம் தோலையும் கிழிக்கும், விரலையும் காயப்படுத்தும். ஜெம்பேயில் மூன்று அடிகள் அடிப்படை. முழு உள்ளங்கையும் தோலின் நடுப்பகுதியில் விழுந்து எகிறினால் பேஸ். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையும் விரல்களும் சேரும் மேடு விளிம்பில் படும்படி அடித்தால் டோன், உருண்டையான திறந்த ஒலி. கிட்டத்தட்ட அதே இடத்தில் விரல்களைத் தளர்த்தி, விரல்நுனிகள் மட்டும் சொடுக்கிவிட்டது போலப் பட்டால் ஸ்லாப், கூர்மையாக வெட்டும் ஒலி. டோனையும் ஸ்லாப்பையும் கேட்டவர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். அதற்குப் பலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஸ்லாப் வரவில்லையே என்று பலத்தைக் கூட்டாதீர்கள். கை சிவந்து வீங்குவதுதான் மிச்சம். தளர்ந்த விரலே அந்த ஒலியைத் தரும்.

தினமும் எப்படிப் பழகுவது

வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் என்பதைவிடத் தினம் இருபது நிமிடம் கைக்கு நல்லது. ஐந்து நிமிடம் ஃபுல் ஸ்ட்ரோக், ஐந்து நிமிடம் டேப், பிறகு ‘தகதிமி’யின் அழுத்தத்தை ஒவ்வொரு எழுத்துக்கும் மாற்றி மாற்றி, கடைசியில் பாரடிடில். மெட்ரோனோமை 60இல் தொடங்கி, உயரமும் ஒலியும் கலையாமல் இரண்டு நிமிடம் வாசிக்க முடிந்தால் மட்டும் 4 அல்லது 5 கூட்டுங்கள். கலைந்தால் பழைய எண்ணுக்கே திரும்புங்கள். கைபேசியில் ஸ்லோ மோஷனில் படம்பிடித்துப் பார்ப்பது கண்ணாடியைவிட உதவும். இடது குச்சி வலதைவிடத் தாழ்வாக எழுவது அதில் உடனே தெரியும். இடது கைக்காரர்களுக்கு நேர்மாறாக இருக்கலாம். பின்தங்கிய கைக்கு ஒரு பங்கு கூடுதலாக நேரம் கொடுங்கள்.

முன்கையில் களைப்பு வருவது இயல்பு. கூர்மையான வலியோ மரத்துப்போவதோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். காதையும் மறக்க வேண்டாம். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்குப்படி அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. மூடிய அறையில் வாசிக்கும் டிரம் செட் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். பலகையிலிருந்து டிரம்முக்கு மாறும் அன்றே காதடைப்பானும் வாங்கிவிடுங்கள்.

அப்படி மாறும்போது ஒன்றை எதிர்பார்த்திருங்கள். ஸ்னேரின் தோல் இறுக்கமானது, பலகையைப் போலவே குச்சியைத் திருப்பி அனுப்பும். அதற்கு வலப்பக்கம் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமின் தோல் அகலமானது, தளர்ந்தது. அங்கே துள்ளல் குறையும், பலகையில் அழகாக வந்த இரட்டை அடி திடீரென்று சேற்றில் சிக்கியது போலத் தோன்றும். கையில் குறை ஒன்றும் இல்லை. அங்கே இரண்டாவது அடிக்கு விரல்கள் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஸ்னேரில் நாலு, ஃப்ளோர் டாமில் நாலு என்று மாற்றி மாற்றி வாசித்து, இரண்டிலும் குச்சி ஒரே உயரத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.